எல்லாமே ‘கேஸ்’ அல்ல: வயிறும் மூளையும் பேசிக்கொள்ளும் விதம்



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் ‘கேஸ் பிரச்சினை’ என்று எழுதப்பட்டவை ஏராளம். நாங்களும் நெடுநாளாக அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றி, மாத்திரைச் செலவுக்கு ஒரு தொகை கொடுத்து அனுப்பிவந்தோம். அது சரியில்லை என்பதை இரண்டு பேரிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

ஒருவர் நடுத்தர வயதுச் சகோதரி. சாப்பிட்ட சோறு நெஞ்சுக்குக் கீழே அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கவளத்தையும் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளுவார். இரவில் படுத்தால் உண்டது அப்படியே வாய்க்கு வரும். வீட்டார் தொக்கம் எடுக்க அழைத்துப் போனார்கள், ஓதிப் பார்த்தார்கள், தாயத்தும் கட்டினார்கள். காட்டிய இடங்களில் ‘டென்ஷன்தான்’ என்றார்கள். இரண்டு வருடத்தில் உடம்பு வற்றிப்போனது. கடைசியில் பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான், உணவுக்குழாயின் அடிவாசல் சரியாகத் திறப்பதில்லை என்று தெரிந்தது. இதன் பெயர் அக்கலேசியா.

மற்றவர் கடையில் வேலை பார்க்கும் வாலிபர். வயிற்றுவலி, காலையில் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நான்கு முறை கழிப்பறை. புற்றுநோயோ என்ற பயத்தில் கடன் வாங்கி ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்தார். எல்லாம் நார்மல். ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். ஆனால் வலி போகவில்லை. ஜும்ஆவுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்.

முதலாமவருக்குத் தேவையான பரிசோதனை நடக்கவில்லை. இரண்டாமவருக்குத் தேவையில்லாத பரிசோதனைகள் நடந்தன. இருவரின் மனுவிலும் இருந்த சொல் ஒன்றுதான்: கேஸ்.

வயிற்றுக்குள் ஒரு நரம்பு மண்டலம்

நாம் விழுங்கும் உணவு தன் எடையால் கீழே இறங்குவதில்லை. உணவுக்குழாய், இரைப்பை, குடல் ஆகியவற்றின் தசைகள் அலை அலையாகச் சுருங்கி விரிந்து அதைத் தள்ளுகின்றன. இந்த வேலையை நடத்துவதற்கென்றே குடற்சுவரில் 10 கோடிக்கும் அதிகமான நரம்பணுக்களை அல்லாஹ் அமைத்திருக்கிறான். அவை மூளையுடன் இடைவிடாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன. உடலிலுள்ள செரட்டோனின் என்ற வேதிப்பொருளில் பத்தில் ஒன்பது பங்கு குடலில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1822இல் துப்பாக்கிக் குண்டு பட்ட ஒருவருக்கு வயிற்றில் ஆறாத துவாரம் ஒன்று நின்றுவிட்டது. வில்லியம் போமாண்ட் என்ற மருத்துவர் அதன் வழியாகப் பல ஆண்டுகள் இரைப்பையைக் கவனித்தார். அந்த மனிதர் கோபப்பட்டால் செரிமானம் கெடுவதையும் பதிவு செய்தார். ‘பயத்தில் வயிற்றைக் கலக்குது’ என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் பேச்சல்ல.

இதில் இரண்டு வகைக் கோளாறுகள் உண்டு. ஒன்று, தசையும் நரம்பும் பழுதாகி உணவை நகர்த்தும் வேலையே கெடுவது. அக்கலேசியா அப்படிப்பட்டது. நீண்டகாலச் சர்க்கரை நோயில் இரைப்பை மெதுவாகக் காலியாவதும், சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணு இல்லாமல் போவதும் இவ்வகையே. பிறந்த குழந்தை 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் கழிக்காவிட்டால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, உறுப்பு பார்வைக்கு நன்றாக இருந்தும் குடலுக்கும் மூளைக்கும் இடையிலான செய்திப் போக்குவரத்து பிசகுவது. குடல் சாதாரண அசைவையும் வலியாக உணர்த்தும். ஐ.பி.எஸ். என்கிற எரிச்சல் குடல் நோய் இந்த வகை. கடுமையான பேதிக்குப் பிறகு சிலருக்கு இது தொடங்குவதுண்டு. இந்தியா உட்பட 33 நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், இணையம் வழியாகப் பதில் சொன்னவர்களில் பத்தில் நான்கு பேருக்கும், நேரில் கேட்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் இவ்வகைத் தொல்லைகளில் ஏதாவது ஒன்று இருந்தது. ஆகவே இது கற்பனையுமல்ல, வெட்கப்பட வேண்டியதுமல்ல.

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐ.பி.எஸ்.ஸை ஸ்கேன் காட்டாது. மருத்துவர்கள் ரோம் அளவுகோல் என்ற விதியை வைத்திருக்கிறார்கள். கடந்த மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி வர வேண்டும். மலம் கழிப்பதோடு வலிக்குத் தொடர்பு, கழிக்கும் தடவையில் மாற்றம், மலத்தின் தன்மையில் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது கூட இருக்க வேண்டும். தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அபாய அறிகுறி இல்லாதவருக்கு இந்த விசாரணையும் சில எளிய இரத்த, மலப் பரிசோதனைகளும் பெரும்பாலும் போதும்.

அபாய அறிகுறிகள் இவை:
- காரணமில்லாமல் எடை குறைதல்
- மலத்தில் இரத்தம், அல்லது கறுத்த மலம்
- விழுங்குவதில் சிரமம், ஓயாத வாந்தி
- இரத்தசோகை, விடாத காய்ச்சல்
- தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி அல்லது பேதி
- 45, 50 வயதுக்குமேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை
- குடும்பத்தில் குடல் புற்றுநோய்

இவற்றில் ஒன்று இருந்தாலும் ‘டென்ஷன்’ என்று விடக்கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயும் இதே வேஷத்தில் வரும். எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி தேவைப்படலாம். விழுங்குவதில் சிரமமென்றால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி உணவுக்குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி உண்டு. இன்னொன்று முக்கியம்: நெஞ்சு அழுத்தத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள்.

சிகிச்சை

அக்கலேசியாவுக்கு இறுகிய தசையை பலூன் வைத்து விரிக்கலாம், அறுவை செய்து தளர்த்தலாம். 2008இல் ஜப்பானில் தொடங்கிய முறைப்படி எண்டோஸ்கோபி வழியாகவே வெட்டியும் விடலாம். நம் சகோதரி சிகிச்சைக்குப் பின் தண்ணீர் இல்லாமலே சோறு விழுங்குகிறார், அல்ஹம்துலில்லாஹ்.

ஐ.பி.எஸ்.ஸுக்கு முதல் மருந்து ஒழுங்கு. நேரத்துக்குச் சாப்பிடுவது, மென்று சாப்பிடுவது, நடப்பது, தூங்குவது. கிருத்திகைக் கூட்ட நாட்களில் மதியச் சாப்பாட்டை மாலை நாலு மணிக்கு அள்ளிப் போட்டுக்கொள்ளும் நம் கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பால், வெங்காயம், பூண்டு, கோதுமை, கொண்டைக்கடலை ஆகியவை சிலருக்கு வாயுவைக் கூட்டும். ஒவ்வொன்றாகச் சில வாரம் நிறுத்தி, மறுபடி சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் நிரந்தரமாக ஒதுக்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு இசப்கோல் உதவும். தண்ணீர் தாராளமாகக் குடிக்க வேண்டும்.

அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் மருத்துவர் தரலாம். ‘இது மனநோய் மாத்திரையாமே’ என்று மருந்துக்கடையில் கேள்விப்பட்டதும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் வாலிபரும் அப்படித்தான் நிறுத்தினார். இந்தச் சிறிய அளவு குடல் நரம்பின் வலியைத் தணிக்கத் தரப்படுவது. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, இது ஐ.பி.எஸ்.ஸுக்குப் பலன் தருவதைக் காட்டியது. விளக்கிச் சொன்ன பிறகு அவர் மீண்டும் தொடங்கினார். மன அழுத்தத்துக்கான ஆலோசனையும் சிகிச்சையே. அதை வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

ஒளுவும் நோன்பும்

அந்த வாலிபர் ஜமாஅத்துக்கு வராததற்குக் காரணம், தொழுகையில் ஒளு முறிந்துவிட்டதோ என்ற ஓயாத சந்தேகம். சத்தமோ வாடையோ உறுதியாகத் தெரியாதவரை தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. உண்மையாகவே இடைவிடாமல் காற்றுப் பிரிபவருக்கு மார்க்கத்தில் தனிச் சலுகைச் சட்டம் இருக்கிறது. ஹஜ்ரத்திடம் தனியாகக் கேளுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நோன்பு பலருக்கு வயிற்றுக்கு நல்லதாகவே அமைகிறது. கெடுப்பது இஃப்தாரில் சமோசாவையும் பஜ்ஜியையும் அவசரமாக அடுக்குவதுதான். பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி. மஃரிபுக்குப் பிறகு நிதானமாகச் சாப்பாடு. இன்சுலின் போடுகிறவர்கள், வாந்தி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்க வேண்டாம். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையைப் பயன்படுத்துவது குறையல்ல.

இனி மனு தருபவர்கள் ‘கேஸ்’ என்று மட்டும் எழுத வேண்டாம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது, மலம் எப்படிப் போனது, எடை எவ்வளவு என்று எழுதிக் கொண்டுவாருங்கள். பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துவாருங்கள். எடுத்த ஸ்கேனையே மறுபடி எடுக்கும் செலவு மிஞ்சும். முதலில் திருத்தணி அரசு மருத்துவமனை. அங்கே எழுதிக் கொடுத்தால் சென்னை ராஜீவ் காந்தி அல்லது ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குடல் நோய்ப் பிரிவு, வேலூர் சி.எம்.சி., திருப்பதி ஸ்விம்ஸ் எதுவானாலும், அபாய அறிகுறி உள்ளவர்களின் மனுவை முதலில் எடுத்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம்.

அந்தச் சகோதரியின் மனுவில் நாங்கள் ஒரே ஒரு கேள்வி கூடக் கேட்டிருந்தால் இரண்டு வருடம் வீணாகியிருக்காது. அல்லாஹ் எங்களை மன்னித்து, நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்