ஈறுகளை இடிக்கும் காவற்படை

தலைப்பிரட்டை தவளையாகும்போது அதன் வால் எங்கே போகிறது? அறுந்து விழுவதில்லை, கரைந்து போகிறது. கரைப்பது எது என்பதை 1962-ல் பாஸ்டன் நகரில் ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாபியர் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். கொலாஜனேஸ் என்னும் என்ஸைம் அது. மனிதர்களின் பல் ஆட்டம் கண்டு விழுவதிலும் அதே இனத்து என்ஸைமுக்குப் பெரும் பங்கு உண்டு.

தோல், எலும்பு, ஈறு முதலியவற்றுக்கு உறுதி தரும் நார்ப்பொருளுக்குக் கொலாஜன் என்று பெயர். தச்சர்கள் மாட்டுத் தோலிலிருந்து காய்ச்சிய வஜ்ஜிரம் அதன் மாற்றுருவமே. மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது; லேசில் எதற்கும் மசியாது. கொலாஜனேஸ் அதைக் குறிப்பிட்ட ஓரிடத்தில், முக்கால் பாகமும் கால் பாகமுமாகத் துண்டித்துவிடுகிறது. முறுக்கு அவிழ்ந்ததும் மற்ற என்ஸைம்கள் மிச்சத்தைத் தின்று தீர்க்கின்றன.

இந்தக் கத்தரி வாய்க்குள் எப்படி வருகிறது? கிருமிகள் கொண்டுவருகின்றன என்று எண்ணுவது இயல்பு. அவற்றிடமும் சில உண்டு. ஆனால் பெரும்பகுதி நம் உடம்பினுடையதே! பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள இடுக்கில் அழுக்கு படிந்தால், நியூட்ரோபில் என்னும் வெள்ளை அணுக்கள் ரத்தத்திலிருந்து அங்கே வந்து திரளுகின்றன. கிருமிகளை விழுங்குவதோடு, தம்மிடமுள்ள கொலாஜனேஸ், எலாஸ்டேஸ் முதலியவற்றை வெளியிலும் கொட்டுகின்றன. எதிரி சாகிறானோ இல்லையோ, கோட்டைச் சுவர் இடிகிறது.

அதற்காக இந்தப் படையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. பிறவியிலேயே நியூட்ரோபில் மிகக் குறைந்த குழந்தைகளுக்கும் ஈறு புண்ணாகி, சிறு வயதிலேயே பல் விழுவதுண்டு.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தனர். (இசைந்தார்களே, அதுவே பெரிது!) 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு அழற்சி கண்டது. மறுபடி துலக்கியதும் குணமாயிற்று. ஆண்டுக்கணக்கில் நீடித்து, பல்லைத் தாங்கும் எலும்பும் கரைந்துவிட்டாலோ, அது தானாக மீண்டும் வளர்வதில்லை.

1983-ல் அமெரிக்க விஞ்ஞானி லோர்ன் கோலப் குழுவினர் நீரிழிவு எலிகளுக்கு மினோசைக்ளின் கொடுத்துப் பார்த்தார்கள். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளிலும் ஈறின் கொலாஜனேஸ் அடங்கிற்று! கொல்வதற்குக் கிருமி இல்லாத இடத்தில் மருந்து வேலை செய்ததென்றால், அது என்ஸைமையே கட்டிப்போடுகிறது என்றுதானே பொருள்? அந்த வழியில் வந்ததுதான் 1998-ல் அமெரிக்க அரசு அனுமதித்த 20 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளின், நாளைக்கு இருவேளை. கிருமியைக் கொல்ல அந்த அளவு போதாது. கத்தரியை மழுக்கப் போதும். பல் டாக்டர் காரையைச் சுரண்டி எடுப்பதற்குத் துணையாகத்தான் இதைத் தருகிறார். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை.