கல் குவாரிக்குப் போன உச்ச நீதிமன்றம்

அமைச்சரையும் போலீஸ் அதிகாரியையும் கூண்டில் ஏற்றுகிற அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆனால் பக்கத்துத் தெருவில் ஒருவனைக் கட்டிவைத்து அடித்தாலும், யாராவது வந்து முறைப்படி சொன்னால்தான் அது காதில் வாங்கும். பாதிக்கப்பட்டவரே வரவேண்டும், இல்லையென்றால் வக்காலத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு வக்கீலை அனுப்பவேண்டும். மனு வேண்டும், பிரமாணப் பத்திரம் வேண்டும், கட்டணம் வேண்டும். எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்தாலும் நிற்கிற சாட்சியம் வேண்டும். நிலத்தகராறில் மோதும் இரண்டு பண்ணையார்களுக்கு இந்த ஏற்பாடு கச்சிதமாகப் பொருந்தும். சிறைக்குள்ளோ குவாரிக்குள்ளோ அடைபட்டுக் கிடப்பவனுக்கு இதில் ஒன்றுகூடக் கைக்கெட்டாது.

1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் கே.எஃப். ருஸ்தம்ஜியின் கட்டுரைகள் வந்தன. தேசிய போலீஸ் கமிஷன் உறுப்பினராக இருந்த அவர், பிகார் சிறைகளில் கண்டதை எழுதியிருந்தார். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே தொடங்காமல், பலர் உள்ளே கிடந்தார்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லை, சொத்து இல்லை. இதைப் படித்த டெல்லி வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி, கையில் எந்தக் கைதியின் வக்காலத்தும் இல்லாமலே, உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். ஆதாரம் செய்தித்தாள்தான். மனுவில் இருந்த ஒரு பெண் கைதியின் பெயரால் அது ஹுசைனாரா காத்தூன் வழக்கு ஆயிற்று. விரைவான விசாரணை என்பது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிபதி பி.என். பகவதி அமர்வு சொன்னது. அந்த வழக்கு விடுவித்தவர்கள் சுமார் 40,000 பேர் என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

அதே ஆண்டு திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா என்ற தூக்குத் தண்டனைக் கைதி நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் தனக்காக எதுவும் கேட்கவில்லை. சக கைதி ஒருவரை வார்டர் சித்திரவதை செய்தார் என்பதே விஷயம். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு, உண்மையைப் பார்த்துவர வழக்கறிஞர்களைச் சிறைக்குள் அனுப்பியது.

சட்டத்தில் இதற்கு எங்கே இடம் இருந்தது? அரசியல் சாசனத்தின் 32ஆவது பிரிவிலேயே இருந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் ‘தகுந்த நடவடிக்கை’ மூலம் உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்கிறது அந்தப் பிரிவு. அணுகுகிறவர் யாராக இருக்கவேண்டும் என்று அது சொல்லவில்லை. நடவடிக்கைக்கு என்ன வடிவம் என்றும் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளாக எல்லோரும் படித்துவந்த வரிதான். எழுதப்படாமல் விட்ட இடத்தில் வழக்கமும் நடைமுறை விதிகளும் வந்து உட்கார்ந்திருந்தன, அவ்வளவுதான். புதிதாக ஒரு சட்டமும் இயற்றாமல், உட்கார்ந்திருந்ததை எழுப்பி அனுப்பினார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம்.

மிச்சமிருந்தது சாட்சியம். 1982 பிப்ரவரியில் சுவாமி அக்னிவேஷின் பந்துவா முக்தி மோர்ச்சா என்ற அமைப்பு, டெல்லியை ஒட்டிய, ஹரியானாவின் ஃபரிதாபாத் கல் குவாரிகளில் கொத்தடிமைகள் இருக்கிறார்கள் என்று பகவதிக்குக் கடிதம் எழுதியது. எப்படி நிரூபிப்பது? வரப்புத் தகராறு என்றால் வக்கீல் கமிஷனர் வந்து அளந்துவிட்டுப் போவார், ஊரில் பார்த்திருப்போம். அந்தப் பழைய கருவியையே நீதிமன்றம் இங்கே எடுத்தது. இரண்டு வழக்கறிஞர்கள் ஆணையர்களாகக் குவாரிக்குப் போய், ஒவ்வொரு தொழிலாளியாகப் பேசினார்கள்.

அவர்கள் கண்டவை அறிக்கையில் இருக்கின்றன. மூச்சு விடமுடியாதபடி எங்கும் கல்தூசி. குடிக்க ஓடையின் அழுக்குத் தண்ணீர். கல்லின் மேல் கல்லை அடுக்கியதுதான் சுவர், மேலே வைக்கோல். நிமிர்ந்து நிற்க முடியாத உயரம், வெயிலுக்கும் மழைக்கும் காப்பில்லை. சிலரை வெளியே போகவே விடுவதில்லை. காயம்பட்டால் மருத்துவமோ இழப்பீடோ கிடையாது.

ஹரியானா அரசு எதிர்த்தது. கடிதம் மனு ஆகாது, குறுக்கு விசாரணைக்கு உட்படாத அறிக்கை சாட்சியம் ஆகாது என்றது. இது வீம்பு வாதம் என்று தள்ளிவிட முடியாது. சட்டத்தின் ஆட்சி என்பதில் எதிர்த்தரப்பின் பாதுகாப்பும் சேர்த்தி. 1983 டிசம்பர் தீர்ப்பு அதை ஓரளவு ஏற்று, அறிக்கையின் நகலை இரு தரப்புக்கும் கொடுத்து மறுக்க வாய்ப்பளித்தால் போதும் என்றது. கொத்தடிமைகளைக் கண்டறிந்து விடுவிப்பதிலிருந்து குடிநீர் வரை வரிசையாக உத்தரவுகள் போட்டது. 1991இல் அதே வழக்கு மறுபடி நீதிமன்றத்துக்கு வந்தபோது குவாரிகளில் பெரிய முன்னேற்றம் ஒன்றும் இல்லை. ஒரு தீர்ப்பு குவாரி முதலாளியைத் தானாகத் திருத்திவிடுவதில்லை. அங்கே திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிற மனிதர்கள் இல்லாவிட்டால் அது அச்சடித்த காகிதம்.

வாசலைத் திறந்தால் வேண்டாதவர்களும் வருவார்கள். விளம்பரத்துக்காகவும் போட்டியாளரை மடக்கவும் பொதுநல வழக்குப் போடுகிறவர்கள் பெருகினார்கள். 1988இல் உச்ச நீதிமன்றம், எந்தெந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டியல் வகுத்தது. கொத்தடிமை, கைவிடப்பட்ட குழந்தைகள், சிறைக்கொடுமை எல்லாம் உண்டு. வீட்டுக்காரர், குடித்தனக்காரர் சண்டை கிடையாது.

இன்றும் இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள்தான். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479ஆவது பிரிவுப்படி, அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை உள்ளே கழித்தவரை ஜாமீனில் விடவேண்டும். முதல் குற்றம் என்றால் மூன்றில் ஒரு பங்கே போதும். மரணம் அல்லது ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், வேறு வழக்குகளும் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அந்தக் காலக்கெடு முடிந்ததும் நீதிமன்றத்துக்கு எழுத்தில் விண்ணப்பிக்கவேண்டிய கடமை இப்போது சிறைக் கண்காணிப்பாளருடையது.