இருமொழியாளர் ஒருவரின் நாட்குறிப்பும் நம் ஊர்ச் சொற்களும்

வில்லியனூரிலோ பாகூரிலோ வாழும் உழவர் ஒருவர் தம் வீட்டுவரியைச் செலுத்தக் 'கொம்யூன்' அலுவலகத்திற்குச் செல்கிறார் எனக் கொள்வோம். 'பாக்கி' எவ்வளவு என வினவுகிறார். வரி 'வசூல்' செய்வோர் 'ரசீது' தருகின்றனர். வீடு திரும்பியதும், 'கையிலிருந்த துட்டெல்லாம் போயிற்று' என்கிறார். இவற்றுள் கொம்யூன் பிரெஞ்சு; பாக்கியும் வசூலும் அரபு; ரசீது பாரசீகம்; துட்டு என்பது டச்சு நாட்டுச் சிறுகாசு ஒன்றின் பெயர். நான்கு மொழிகளை நாவில் ஏந்திய அவ்வுழவர், தாம் தமிழே பேசியதாக எண்ணுகிறார். அவர் எண்ணம் சரியே என்பது நம் துணிபு. பிறமொழிச் சொல்லைக் கண்டவுடன் முகம் சுளிக்கும் புலவர் பெருமக்கள் நம்மைப் பொறுத்தருள்க!

டச்சுக்காரரை நம் முன்னோர் 'உலாந்தாக்காரர்' என்று அழைத்தனர். 1693இல் அவர்கள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து புதுச்சேரியைக் கைப்பற்றினர். 1697ஆம் ஆண்டு ரிஸ்விக் உடன்படிக்கையின்படி, 1699இல் அதனைத் திருப்பி அளித்தனர். இந்த ஆறாண்டு ஆட்சிதான் துட்டை நமக்குத் தந்தது என்று கொள்ள வேண்டுவதில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்கள் நெடுங்காலம் வணிகம் நடத்தினர். காசு கைமாறியபோது சொல்லும் உடன் சென்றது.

இவ்வாறு மொழிகள் கலந்து வழங்கிய காலத்தின் பேச்சை அப்படியே காட்டும் நூல் ஒன்று நம்மிடம் உண்டு. அஃது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 சனவரியில் தாம் இறக்கும் காலம் வரை அவர் அதனைத் தமிழில் எழுதி வந்தார். அவர் புதுச்சேரி வணிகர். 1747 முதல் ஆளுநர் துய்ப்ளேக்குத் தலைமைத் துபாசியாக விளங்கியவர். துபாசி என்னும் சொல்லே இருமொழியாளன் எனப் பொருள்படுவதாகும். ஆளுநரைக் 'குவர்னதோர்' என்றும் பிரெஞ்சுத் துரைமாரை 'முசியே' என்றும் அவர் தயக்கமின்றி எழுதுகிறார். நவாபின் அரசு தொடர்பான செய்திகளில் அரபு, பாரசீகச் சொற்கள் இயல்பாக வந்து அமைகின்றன. தமிழின் தன்மை கெட்டுவிடும் என்ற அச்சம் அந்நடையில் எங்கும் இல்லை. சொல் வெளியூர்ச் சரக்கு. வாக்கியமோ நம் ஊர் வண்டி.

அரசியலைப் பற்றிய அவருடைய கருத்துகள் இன்னும் சுவையானவை. ஆளுநரின் துணைவியார் அரசுக் காரியங்களில் தலையிடுவதாக அவர் பலகாலும் மனம் கசந்து எழுதினார். இதன் காரணத்தை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவ்வம்மையார் புதுச்சேரியிலேயே பிறந்தவர். தமிழ் பேச வல்லவர். ஆளுநர் மாளிகையில் தமிழறிந்த மற்றொருவர் இருப்பின், துபாசியின்றியே குடிமக்கள் தம் குறையைச் சொல்லலாம். எனவே பிள்ளையின் சினத்தில் தனிப்பட்ட பகையோடு, தம் பதவிக்கு நேர்ந்த அச்சமும் கலந்திருந்தது எனலாம். இரு மொழிக்கு நடுவே நிற்பவனுக்கு மொழியே முதல், மொழியே அதிகாரம். நாட்குறிப்பைப் படிப்போர் அவர் தீர்ப்புகளை அப்படியே ஏற்றல் ஆகாது. எனினும், ஒரு மனிதர் தம் மனத்தாங்கலை அன்றன்றே எழுதி வைத்ததனாலன்றோ, இத்துணைக் காலம் கழித்தும் அதனை நாம் எடைபோட முடிகிறது! 1752இல் பாகூர் வெளியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருதனர். பிரெஞ்சுப் படை தோற்றது. அத்தகைய காலத்தில் எழுதப்பட்ட ஏடு இது.

தொழில்நுட்பம் என்று நாம் இன்று கூறுவது, அவர் நாளில் கப்பலும் பீரங்கியும் நாணயச் சாலையுமே. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எத்தனை பீரங்கிகள் முழங்கின என்று எண்ணி எண்ணிக் குறிக்கிறார். புதுச்சேரியில் அச்சுப்பொறியும் இருந்தது. ஆனால் அவர் எழுத்து அச்சேறவில்லை. 1761 சனவரியில் அவர் கண்மூடிய சில நாள்களில் நகரம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அவ்வச்சுப்பொறியைப் படைத்தலைவர் அயர் கூட் சென்னைக்குக் கொண்டு சென்றார். நாட்குறிப்போ 1846இல் கண்டெடுக்கப்படும் வரை கேட்பாரற்றுக் கிடந்தது. 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. தமிழ் மூலம் அச்சாகத் தொடங்கியதோ 1948இல்தான். தமிழன் எழுதிய தமிழை உலகம் முதலில் பிறமொழியிற் படித்தது என்னும் இச்செய்தி நம் நெஞ்சை உறுத்தாமல் இல்லை.

1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூரை அடுத்த கீழூரில் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தனர். 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம், மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாக நீடிக்கும் என்றது. 1965இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அவ்விடத்தில் அமர்த்தியது. வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ளாட்சி அமைப்பின் பெயர் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்பதே.