அடிமுறையும் பிடிமுறையும்: தொடக்க மாணாக்கர் ஒருங்கே பயிலலாமா?

உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு உறுதியும் தருவன தற்காப்புக் கலைகள். செங்கற்பட்டு நகரிலும் மாமல்லபுரக் கடற்கரை ஊர்களிலும் சிலம்பம், கராத்தே, குங்ஃபூ முதலியவற்றைப் பயில விழையும் இளைஞர் பலர் உளர். அவர்தம் பெற்றோரும் ஆசிரியரும் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. கையாலும் காலாலும் தாக்கும் அடிமுறையைக் கற்கத் தொடங்கும் ஒருவர், எதிரியைப் பற்றி வீழ்த்தி அடக்கும் பிடிமுறையையும் உடன் கற்கலாமா? அது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றாகிவிடாதா? இவ்வினாவிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மல்லன் பெயர் தாங்கிய மண்

மாமல்லபுரம் என்னும் பெயரே ஒரு மற்போர் வீரனின் பட்டப்பெயரால் அமைந்ததாகும். கி.பி. 642-ஆம் ஆண்டளவில் வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன், 'மாமல்லன்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றவன். அதற்கும் முற்பட்ட சங்க காலத்தில், போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். மன்னனின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மற்றொரு கால் அவன் செய்யும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகை வளைத்ததாகப் புலவர் காட்டும் காட்சி, இன்றைய மல்யுத்தப் பயிற்சியாளரும் வியக்கத்தக்க நுட்பம் உடையது.

பிற்காலத்தில் பாரசீக, உருதுச் சொற்களும் இக்கலையோடு தமிழில் கலந்தன. 'குஸ்தி', 'பயில்வான்', 'வஸ்தாது' ஆகியவை அவ்வழி வந்தவையே. சிலம்ப ஆசானையும் 'வஸ்தாது' என அழைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. சிலம்ப மரபிலும் கோல்வீச்சோடு குத்துவரிசையும் பிடிவரிசையும் இடம்பெறுகின்றன. ஆகவே, அடியும் பிடியும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல.

சீன மரபு கூறுவது

காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனத்துச் சாவோலின் மடத்தில் போர்க்கலையைத் தோற்றுவித்தார் என்பது மக்களிடையே பரவிய செய்தி. ஆயின், போதிதருமர்க்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் எழுந்த 17-ஆம் நூற்றாண்டு நூலொன்றின் வழியாகவே இக்கதை வேரூன்றியது என்பது ஆய்வாளர் கருத்து. பெருமை கருதி வரலாற்றை மிகைப்படுத்த வேண்டுவதில்லை.

எனினும் சீன மரபு நமக்குப் பயன்படும் பாடம் ஒன்றைத் தருகிறது. உதைத்தல், குத்துதல், வீழ்த்துதல், பிடித்துப் பூட்டுதல் ஆகிய நான்கும் சேர்ந்ததே முழுமையான போர்க்கலை என அது வகுத்தது. இன்றைய 'சாண்டா' என்னும் வூசூ போட்டியில் குத்தும் உதையும் வீழ்த்தலும் ஒருங்கே புள்ளி பெறுகின்றன. 1998 முதல் ஆசிய விளையாட்டுகளில் இடம்பெறும் இப்போட்டியில், 2023-இல் சீனத்தின் ஹாங்சோவில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி வெள்ளிப் பதக்கம் வென்றார்.

இரண்டின் இயல்பு

அடிமுறையின் உயிர் தொலைவு. பிடிமுறையின் உயிர் நெருக்கம். முன்னதில் நிமிர்ந்த நிலையும் விரைந்து விலகும் காலடியும் தேவை. பின்னதில் தாழ்ந்த நிலையும் எதிரியின் எடையை உணரும் திறனும் தேவை. இவ்விரண்டையும் ஒரே நாளில் தொடங்கும் மாணாக்கர்க்கு, ஆபத்து நேரும்போது விலகுவதா நெருங்குவதா என்னும் தயக்கம் பிறக்கும். ஒரே கலையை முதலில் பற்றுக என முதியோர் கூறுவது இதனாலேயே. அதில் உண்மை உண்டு.

மறுபுறமும் ஓர் உண்மை உண்டு. குத்தையும் உதையையும் முழு விசையோடு தோழன்மீது பழக முடியாது. பழகினால் காயம் நேரும். எனவே தொடக்க மாணாக்கர் காற்றில் கைவீசுவதோடு நின்றுவிடுகின்றனர். பிடிமுறையிலோ, தோற்றவன் கையால் தட்டிய உடனே பிடி தளர்த்தப்படுவதால், எதிர்த்து நிற்கும் ஒருவரோடு ஏறத்தாழ முழு வலுவுடன் பழகலாம். 1882-இல் ஜூடோவை வகுத்த ஜிகோரோ கானோ, ஆபத்தான அடிகளைக் கட்டற்ற பயிற்சியிலிருந்து நீக்கியதன் பயன் இதுவே. 1993-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடைபெற்ற கலப்புப் போட்டியில், உடல் மெலிந்த ராய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரை வென்றார். தரையில் வீழ்ந்தபின் செய்வதறியாத அடிமுறை வீரரின் குறையை அது உலகிற்குக் காட்டியது.

பயிலும் நெறி

மேற்கூறியவற்றால் ஒரு நடுவழி புலப்படும். முதற்கண், எக்கலையைப் பயில்வோரும் பாதுகாப்பாக விழக் கற்றல் வேண்டும். தாடையை மார்போடு ஒடுக்கித் தலை தரையில் மோதாமல் காத்தல் இதன் முதற்பாடம். அடுத்து, ஏறத்தாழ ஓராண்டு ஒரு கலையையே வேராகக் கொள்ளுதல் நன்று. அவ்வேர் அடிமுறையாயின், வாரத்தில் ஒரு நாளை மட்டும் பிடியிலிருந்து விடுபடுதல், வீழ்ந்தபின் எழுதல் ஆகிய இரண்டிற்கும் ஒதுக்கலாம். பூட்டுகளும் கழுத்து நெரிப்பும் பின்னரே வரவேண்டும். அவையும் ஆசானின் நேர்ப்பார்வையில் நிகழவேண்டும்.

கடற்கரை மணல் விழுவதற்கு இதமானது; ஆனால் உலர்மணலில் கால் புதைந்து கணுக்கால் சுளுக்கக்கூடும். கோதாவில் பயில்வோர் நகம் வெட்டி, பயிற்சி முடிந்த உடனே குளித்தல் வேண்டும். இன்றேல் படர்தாமரை ஒருவரிடமிருந்து அனைவர்க்கும் பரவும்.

அறமும் சட்டமும்

வலிமை எதற்கு என்பதே இறுதி வினா. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ருகானா என்னும் மல்லரை வீழ்த்திய செய்தி அபூதாவூத், திர்மிதீ தொகுப்புகளில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவானதன்று எனத் திர்மிதீ அவர்களே குறித்துள்ளார்கள். பிறரை வீழ்த்துபவனைவிடச் சினத்தின்போது தன்னை அடக்குபவனே வலியவன் என்னும் கருத்தும், சண்டையிலும் முகத்தில் அடிப்பதைத் தவிர்க்க வேண்டும் என்னும் அறிவுரையும் புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெறுகின்றன.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் தற்காப்புரிமையை வழங்குகிறது. ஆயினும் காத்துக்கொள்ளத் தேவையான அளவினும் மிகுதியான தீங்கை அது ஏற்பதில்லை. குத்தின் விசையைக் கை நீங்கியபின் குறைக்க இயலாது. பிடியையோ இறுக்கவும் தளர்த்தவும் இயலும். சினந்து வரும் ஒருவரைக் காயப்படுத்தாமல் அடக்கும் வாய்ப்பைப் பிடிமுறை தருகிறது. அடிமுறை பயிலும் இளைஞர் அதையும் உரிய காலத்தில் கற்பது இதனாலேயே இன்றியமையாததாகிறது.

ஒன்றில் வேரூன்றி, மற்றொன்றை அளவோடு சேர்த்து, இரண்டையும் அறத்திற்கு உட்படுத்துவோமாக. அவ்வாறு பயிலும் இளைஞரே வீட்டிற்கும் ஊருக்கும் காவலாவர்.