கடற்கரைப் பழமனைகளின் புகைப்போக்கி

“நெருப்பில்லாமற் புகையாது” என்பது நம் நாட்டுப் பழமொழி. நெருப்பை வீட்டினுள்ளே நிறுத்திக்கொண்டு, புகையைமாத்திரம் வெளியே போக்குவது எங்ஙனம் என்பது குளிர்நாட்டார் பன்னூறாண்டுகளாக ஆராய்ந்துவரும் வினாவாகும். தமிழ்நாட்டுச் சமவெளியில் வாழும் நமக்கு நெருப்பு சமையற்கே உரியது. ஆதலின் புகைப்போக்கி என்றவுடன் அரிசி ஆலையும் செங்கற்சூளையுமே நம் நினைவிற்கு வரும். உதகமண்டலத்துப் பழைய பங்களாக்களைக் கண்டோர், கூரையின்மேல் எழுந்து நிற்கும் செங்கற்றூணை ஓர் அழகுறுப்பு என்றே எண்ணிச் சென்றிருப்பர். வட அமெரிக்காவின் கீழ்கரையில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்துப் பழமனைகளில், அத்தூணே வீட்டின் மூச்சுக்குழல். அது பழுதுற்றால் வீட்டிலுள்ளோர்க்கு நேரும் இடர் யாது என்பதையும், அதனைச் செப்பனிடும் முறை யாது என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக உரைக்க விரும்புகின்றேன்.

இப்பொருளை யான் நூலினின்று மாத்திரம் கற்றிலேன். மேற்படிப்பின்பொருட்டு அந்நாடு சென்றிருந்த காலத்து, கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் ஒரு மூதாட்டியாரின் வீட்டு மாடியறையில் ஒரு பனிக்காலம் தங்கியிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த மரவீடு அது. 1920-களில் அதன் புகைப்போக்கியைத் திருத்திச் சுடுமண் குழாய்களை உள்ளே பொருத்தியிருந்தனர். ஓரிரவு, எல்லோரும் உறங்கியபின், நடையில் மாட்டியிருந்த சிறு கருவியொன்று வீரிட்டலறிற்று. கரியமில வாயுவன்று, அதனினுங் கொடிய கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு வீட்டில் நிறைகின்றது என்பதே அவ்வலறலின் பொருள். நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, குருதியிலுள்ள செம்பொருளோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் பற்றிக்கொள்ளும். உறங்குவோன் உறங்கியபடியே உயிர் துறப்பான். யாங்கள் போர்வையுடன் பனியில் இறங்கி நின்றோம். தீயணைப்போர் வந்து காற்றை அளந்து, கொதிகலனை நிறுத்தினர்.

மறுநாட் காலை உண்மை வெளிப்பட்டது. எண்ணெயால் எரிந்த பழைய கொதிகலனை நீக்கி எரிவாயுக் கொதிகலனை வைத்தவர்கள், புகைவழியை மாற்றாது விட்டிருந்தனர். சுடுமண் குழாய்கள் உள்ளே அரிக்கப்பட்டுச் செதில் செதிலாய் உதிர்ந்து, கொதிகலனின் புகை நுழையும் வாயை அடைத்துவிட்டன. எரிபொருள் பயன்படும் வீடுதோறும் அத்தகைய கருவி இருத்தல் வேண்டும் என்னும் சட்டம் 2006-ஆம் ஆண்டில் அம்மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டமின்றேல் இக்கட்டுரையும் இராது.

புகை ஏறுவது எதனால்?

சூடேறிய காற்று இலேசானது. குளிர்ந்த வெளிக்காற்று கனமானது. இவ்விரண்டின் எடை வேற்றுமையே புகையை மேலே இழுக்கும் விசை. குழாய் உயர உயரவும், உட்காற்றின் வெம்மை மிக மிகவும் இழுவை மிகும். குழாய் அளவிறந்து அகன்றதாயின் புகை தன் வெம்மையைச் சுவருக்கு இழந்து சோர்ந்து நிற்கும். மாஸச்சூஸெட்ஸில் 1753-இல் பிறந்த பெஞ்சமின் தாம்ஸன் என்னும் ரம்போர்டு பிரபு, 1796-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், கணப்பின் தொண்டையைக் குறுக்கிப் பக்கச்சுவர்களைச் சாய்த்தமைத்தால் புகை நன்கேறும், வெம்மையும் அறைக்கு மிகும் என்று காட்டினார். கேப் காட் பகுதியின் பழவீடுகள் புகைப்போக்கியை நட்டநடுவே கொண்டிருத்தலும் இக்கருத்திற்கு இயைந்ததே. நடுவிலுள்ள செங்கற்றூண் எளிதிற் குளிராது; அதனைச் சூழ்ந்த அறைகள் யாவும் குளிர்காயும்.

பழையோர் கட்டிய முறை

அங்கே குடியேறிய ஆங்கிலேயர் முதலில் மரச்சட்டங்களில் களிமண்ணை அப்பிப் புகைப்போக்கி அமைத்தனர். அவை தீப்பற்றிக் கூரைகளை எரித்தமையால், 1631-ஆம் ஆண்டிலேயே பாஸ்டனில் மரப்புகைப்போக்கியும் புற்கூரையும் தடுக்கப்பட்டன. பின்னர்ச் செங்கல்லால் கட்டினர். சுண்ணாம்புக்கல் அரிதாதலின் கிளிஞ்சல்களைச் சுட்டு நீற்றினர். நம் கடற்கரைக் கொற்றர் செய்துவந்ததும் இதுவே. அச்சுண்ணாம்பும் போதாமையால், மழைபடாத உட்பகுதிகளில் களிமண்ணையே சாந்தாக இட்டனர். நான்டக்கெட் தீவில் 1686-இல் கட்டப்பட்ட ஜெத்ரோ காபின் இல்லம் இன்றும் உளது. அதன் புகைப்போக்கியின் முகத்தில் குதிரைலாடம் போன்றதொரு வடிவம் செங்கல்லாற் புடைத்து நிற்கும். 1987-இல் இடிவிழுந்து அப்புகைப்போக்கி சிதைந்தது. பிறகு பண்டை வடிவிலேயே மீளக் கட்டினர்.

பழம் புகைவழிகளுக்கு உட்குழாய் இல்லை. இங்கிலாந்தில் சுண்ணாம்புச் சாந்துடன் மாட்டுச்சாணத்தைக் கலந்து உட்புறம் பூசுவர். அப்பூச்சு நாளடைவில் உதிர்ந்துவிடும். உட்குழாயற்ற புகைப்போக்கியை 1940-களில் அமெரிக்க அரசினரின் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபொழுது, வெம்மை செங்கல்லை ஊடுருவி, அருகிலிருந்த மரத்தில் மூன்றரை மணி நேரத்தில் தீப்பற்றச் செய்தது. இங்கிலாந்திலும் 1965-ஆம் ஆண்டின் கட்டட விதிகள் புதிய புகைப்போக்கிகளுக்கு உட்குழாயைக் கட்டாயமாக்கின.

புகைவழியைத் துடைக்கும் தொழிலின் பழங்கதையையும் ஈண்டு மறத்தலாகாது. இங்கிலாந்தில் ஏழைச் சிறுவரை அவ்விருட்குழாயினுள் ஏறவிட்டே கரியைச் சுரண்டினர். அத்தொழிலினர்க்குப் புகைக்கரியாற் புற்றுநோய் உண்டாவதை 1775-இல் பெர்ஸிவால் பாட் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். 1788 முதற் பல சட்டங்கள் பிறந்தும், 1875-ஆம் ஆண்டுச் சட்டமே அக்கொடுமைக்கு முடிவு கட்டிற்று. அன்று குழந்தை ஏறிய வழியில் இன்று கயிற்றிற் கட்டிய சிறு புகைப்படக்கருவி இறங்குகின்றது.

கடல் செய்யும் கேடு

தமிழில் ஓதம் என்னும் சொல் கடலலையையும் குறிக்கும், சுவரின் ஈரத்தையும் குறிக்கும். அவ்விரண்டிற்கும் உள்ள உறவைக் கடற்கரைப் புகைப்போக்கியிற் கண்கூடாகக் காணலாம். கடற்காற்று கொணரும் உப்பு செங்கல்லின் நுண்துளைகளிற் படியும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75-க்கு மேற்படின் அவ்வுப்பு நீராய்க் கரையும். குறையின் மீண்டும் படிகமாய் உறையும். உறையும் படிகம் துளையின் சுவரை நெருக்கும். மூடுபனியும் வெயிலும் மாறி மாறி வருமிடத்தில் இந்நெருக்கம் ஓயாது நிகழ்ந்து, செங்கல்லின் முகம் மாவாய் உதிரும். பனிக்காலத்திலோ, துளையில் நின்ற நீர் உறைந்து நூற்றுக்கு ஒன்பது பங்கு பருத்துச் செங்கல்லைப் பிளக்கும்.

மூன்றாவது கேடு உள்ளிருந்தே வருவது. நிலக்கரி, எண்ணெய் இவற்றின் புகையிலுள்ள கந்தகம் ஈரத்தோடு கூடி, சாந்தைத் தாக்கிப் பருக்கச் செய்யும். மழை மோதும் பக்கம் மிகுதியாய் நனைந்து மிகுதியாய்ப் பருப்பதனால், தூண் எதிர்ப்பக்கமாக மெல்ல வளைந்து சாயும். நான்காவது, விறகுப் புகை குளிர்ந்த சுவரிற் படிந்து கிரியோஸோட் என்னும் கரும்பிசினாய் இறுகுவது. அது தீப்பற்றினால் வெம்மை 1,100 பாகை செண்டிகிரேடு அளவிற்கு ஏறும். சுடுமண் குழாய் வெடிக்கும். பிளவு வழியே தீ கூரைமரத்தை எட்டும்.

உட்குழாயை மாற்றுதல்

எரிவாயுக் கொதிகலன் எங்கள் புகைவழியைக் கெடுத்தது எப்படி? ஒரு கிலோகிராம் மீத்தேன் எரியுங்கால் இரண்டேகால் கிலோகிராம் நீராவி பிறக்கின்றது. புதிய கொதிகலன்கள் வெம்மையை வீணாக்காமையால் அவற்றின் புகை சூடு குறைந்தது. அகன்ற பழங்குழாயில் அது மேலும் குளிர்ந்து, நீராவி புளிப்புநீராய் வழிந்து, சுடுமண்ணையும் சாந்தையும் அரிக்கும். ஆகவே அடுப்பு மாறினாற் குழாயும் மாறல் வேண்டும். குழாயின் அகலம் அடுப்பின் ஆற்றலுக்கு ஒத்திருத்தல் வேண்டும்.

வேலை துடைப்பில் தொடங்கும். பின்னர்ப் படக்கருவியை இறக்கி அடிமுதல் முடிவரை ஆராய்வர். புதுக்குழாய்க்கு இடம் போதாதெனின் பழைய சுடுமண் துண்டுகளை உடைத்து எடுப்பர். அதன்மேல் மூன்று வழிகள் உள. சுடுமண் குழாய்களையே மீள அடுக்குதல் ஒன்று. நேரிய வழிக்கும், மீளக் கட்டும் புகைப்போக்கிக்கும் அது பொருந்தும். துருவேறா எஃகுக் குழாயை மேலிருந்து இறக்குதல் மற்றொன்று. வளைந்த வழியிலும் செல்லும் நெகிழ்குழாய்களும் கிடைக்கின்றன. புகைவழியினுள் ஊதிய நெடும்பையை நிறுத்தி, அதனைச் சுற்றிலும் வெப்பந்தாங்கும் சாந்தை ஊற்றி இறுகச் செய்தல் மூன்றாவது. இறங்கும் எஃகுக்கு 316 என்னும் வகையையே கடற்கரையிற் பெரிதும் வேண்டுவர். அதிற் கலந்துள்ள மாலிப்டினம், உப்பினால் உண்டாகும் குழியரிப்பை எதிர்த்து நிற்கும். தண்புகை விடும் சிலவகைக் கொதிகலன்களுக்கு இதனினும் உயர்ந்த கலவை வேண்டும். குழாயைச் சுற்றி வெப்பங்காக்கும் போர்வை சுற்றுதல் இன்றியமையாதது. அது புகையைக் குளிரவிடாது, மரத்தையும் சுடவிடாது.

மீளக் கட்டுதல்

உட்குழாயை மாற்றினும் வெளித்தூண் உறுதியற்றதாயின் பயனில்லை. எங்கள் மூதாட்டியாரிடம் இரண்டு கொற்றர்கள் வந்தனர். ஒருவர், கூரைக்கு மேற்பட்டதை இடித்து, புதுச் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு ஒரு வாரத்தில் முடிப்பதாகச் சொன்னார், செலவும் குறைவு. மற்றவர் முதியவர். தம் கைச்சாவியால் ஒரு செங்கல்லைச் சுரண்டிக் காட்டினார். அது வெல்லக்கட்டிபோல் உதிர்ந்தது. “இம்மென்மையான செங்கல்லின்மேற் கல்போன்ற சிமெண்டை இட்டால், ஈரம் சாந்தின் வழியே வெளியேறமாட்டாது செங்கல்லின் வழியே வெளியேறும், செங்கல் சாகும், சாந்து வாழும். சாந்து சாகவேண்டும், செங்கல் வாழவேண்டும். சாந்தைப் பின்னர் யாரும் மாற்றலாம்” என்றார்.

அவர் உரைத்ததே இன்று பழங்கட்டடம் காப்போர் யாவரும் ஒப்பும் நெறி. 1824-இல் ஜோஸப் ஆஸ்ப்டின் என்பார் உரிமை பெற்ற போர்ட்லாந்து சிமெண்டு பலவற்றிற்கு நன்று. ஆயின் அதற்கு முன்பே சூளையினின்று வந்த செங்கல்லுக்கு அஃது இசைவதன்று. நீர்பட்டு இறுகும் இயல்புள்ள சுண்ணாம்புச் சாந்தே பழந்தூணுக்கும் கடற்புயலுக்கும் ஏற்றது. மூதாட்டியார் இரண்டு நாள் கணக்குப் பார்த்துப் பின்வருமாறு கூறினார்: “என் பாட்டி குளிர்காய்ந்த கணப்பு இது. விலை குறைந்ததைச் செய்தால் என் காலத்திற்குப் போதும். அடுத்து வருவோர்க்குப் போதாது.” முதியவரே வேலையை ஏற்றார். உறைபனியிற் சுண்ணாம்பு இறுகாதாகையால் வேனில் வரையில் அந்தக் கொதிகலன் மூட்டப்படவில்லை. மின்கணப்புகளைக்கொண்டே குளிரைக் கழித்தோம்.

சித்திரையில் சாரம் கட்டி, நாற்புறமும் படமெடுத்து, வரிசைகளை எண்ணி எழுதிக்கொண்டபின் செங்கற்களை ஒவ்வொன்றாய் இறக்கினர். உறுதியான வரிசை தோன்றுமளவும், அதாவது கூரைக்குக் கீழேயும் சில வரிசைகள் வரையில், பிரித்தனர். நல்ல செங்கற்களைத் துடைத்து வைத்து, குறைக்கு ஒத்த மென்மையுள்ள செங்கல்லைத் தேடிக் கொணர்ந்தனர். மீளக் கட்டுங்கால் அவர் வழுவாது காத்த விதிகளைக் கூறுவேன். வீட்டினுள்ளே செல்லும் தூணுக்கும் மரத்திற்கும் இடையே 2 அங்குல வெற்றிடம் விடவேண்டும். தூண் கூரையைக் கடக்கும் இடத்தினின்று 3 அடியேனும், 10 அடித் தொலைவிற்குட்பட்ட எப்பகுதியினும் 2 அடியேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். இன்றேல் காற்று கூரையில் மோதிப் புகையைக் கீழே தள்ளும். கூரையும் தூணும் கூடுமிடத்தில் ஈயத்தகடுகளைப் படிப்படியாய்ச் செருகி, அவற்றின் விளிம்பை மேற்றகட்டால் மூடவேண்டும். உச்சியில் இடும் மூடி சரிவாயும், சுவரைக் கடந்து நீண்டும், நீர் சொட்டி விழும்படி அடியிற் பள்ளமுடையதாயும் இருத்தல் வேண்டும். உட்குழாய் சூட்டால் நீளுமாதலின், அதனை மூடியோடு இறுகக் கட்டாது சிறிது இடைவெளிவிட்டு, நெகிழும் பொருளால் அடைக்கவேண்டும். வேலை முடிந்தபின் ஈரச்சாக்கால் மூடிச் சுண்ணாம்பை மெல்ல ஆறவிட்டனர்.

முடிவுரை

வீடு காப்போர் நினைவிற் கொள்ளவேண்டியவை சிலவே. ஆண்டுதோறும் புகைப்போக்கியை ஆராய்விக்க வேண்டும். உப்புப் பூத்த செங்கல், அடியிற் கிடக்கும் சுடுமண் செதில், மழைக்குப்பின் சுவரிற் படரும் கறை, தூணின் சிறு சாய்வு ஆகிய இவற்றை அலட்சியம் செய்தலாகாது. நீரை உட்புகவிடாமலும் ஆவியை வெளிவிடாமலும் அடைக்கும் வர்ணப்பூச்சை ஒருபோதும் பூசலாகாது. நச்சுவாயுவை அறிவிக்கும் கருவி உறங்குமிடத்தருகே இருத்தல் வேண்டும்.

வழியே செல்வோர் காண்பது கூரைமேல் நிற்கும் செங்கற்றூணையே. அதனுள்ளே ஒருவர் கண்ணுக்கும் படாத குழாயொன்று கிடந்து, இரவெல்லாம் நச்சை வெளியே கொண்டுபோய்விடுகின்றது. அது கடமையாற்றுமளவும் அதனை நினைப்பாரிலர். அவ்வீட்டினின்று யான் விடைபெற்ற நாளில், மூதாட்டியார் கணப்பில் முதன்முறையாகத் தீ மூட்டினார். யாங்கள் முற்றத்திற்கு வந்து அண்ணாந்து பார்த்தோம். மெல்லிய வெண்புகை நேரே எழுந்து கடலின் பக்கம் சென்றது. அம்முதிய கொற்றர் தம் தொப்பியைக் கழற்றிவிட்டு, மறுமொழி யாதும் உரையாது, ஏணியை வண்டியில் ஏற்றலானார்.