எருக்கம்பூவுக்கு வேறு ஆள் இல்லை

திட்டக்குடியில் வெள்ளாற்றுப் பக்கம் ஓர் எருக்கஞ்செடி முன்னால் காலை வெயிலில் கொஞ்சநேரம் நில்லுங்கள். ரீங்காரத்தோடு ஒரு கருவண்டு வரும். நாம் வண்டு என்றாலும் அது தேனீ இனம். மரத்தைக் குடைந்து குடியிருப்பதால் தச்சுத்தேனீ. பூ நடுவே கிரீடம்போல நிற்பதைக் கட்டிப்பிடித்துத் தேன் குடிக்கையில், அதன் கால் ஒரு நுண்ணிய பிளவில் மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் ஒரு ஜோடி மெழுகுப் பைகள் கூடவே வரும். மகரந்தம் முழுக்க அதில்தான். மற்ற பூக்களைப்போல எருக்கு மகரந்தத்தைத் தூளாக இறைப்பதில்லை. பொட்டலம் கட்டி ஆளிடம் கொடுத்தனுப்புகிறது. ஆள் வராவிட்டால் பொட்டலம் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.

அந்த ஆளுக்கு வீடு காய்ந்த கட்டை, மூங்கில், பழைய ஓட்டு வீட்டு விட்டம். திட்டக்குடி 2021-இல் நகராட்சியானது. விட்டம் போய் கான்கிரீட் வந்தால் வண்டு எங்கே துளை போடும்?

வண்டு குறைந்தால் பூ என்ன செய்யும்? சில பூக்கள் வண்டையே கைவிட்டுவிடுகின்றன. பாரிஸைச் சுற்றிய வயல்களில் முளைக்கும் காட்டுப் பான்சியின் பழைய விதைகள், 1990-களில் சேகரித்தவை, சேமிப்பில் இருந்தன. அவற்றை இன்றைய விதைகளோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள் பிரெஞ்சு ஆய்வாளர்கள். 2023-இல் முடிவு வெளியானது: இன்றைய பூ 10 சதவீதம் சிறியது, தேன் 20 சதவீதம் குறைவு, தன் மகரந்தத்திலேயே விதை வைப்பது சுமார் 27 சதவீதம் கூடுதல். தேனீ அரிதான இடத்தில் பெரிய இதழும் நிறைய தேனும் வீண்செலவு. தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் செடியின் விதைதான் மிஞ்சுகிறது. பரிணாமம் என்றால் லட்சம் ஆண்டு என்று படித்தோம். இது ஒருவர் வீடு கட்டிப் பேரன் எடுக்கும் காலத்துக்குள் நடந்திருக்கிறது! நகரத்தைவிட, பூச்சிகள் குறைந்துபோன விவசாய நிலத்தின் கதை இது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தேன் குறைந்த பூவால் தேனீக்கு இன்னும் பட்டினி. அது எந்த ஊரிலும் அப்படித்தான்.

நகரத்துத் தேனீயின் பாட்டை பெங்களூருவில் பார்த்திருக்கிறார்கள். மதிலோரம் மஞ்சள் மணியாகப் பூக்கும் சொர்ணப்பட்டிக்கு வந்த மலைத்தேனீக்கள் 1,820-ஐ தேசிய உயிரியல் அறிவியல் மைய ஆய்வாளர்கள் பிடித்துச் சோதித்து 2020-இல் எழுதினார்கள். காற்று மாசு நடுத்தரமாகவும் அதிகமாகவும் உள்ள இடங்களில் பிடித்தவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் 24 மணி நேரத்துக்குள் செத்தன. உடலில் நுண்தூசி அப்பியிருந்தது. இதயத்துடிப்பும் சீராக இல்லை. அங்கே பூவுக்கு வந்த தேனீக்களே குறைவு.

பான்சி ஆண்டுக்கு ஒருமுறை முளைத்து மடியும் செடி. தலைமுறை சீக்கிரம் மாறும். எருக்கு பல ஆண்டு நிற்கும். அத்தனை வேகமாக அதனால் மாற முடியாது.

திரும்பி வரும்போது, இடித்த வீடொன்றின் விட்டக்கட்டை தெருவோரம் கிடந்தது. அதில் விரல் நுழையும் அளவுக்கு வட்டமாய் ஒரு துளை. கீழே மரத்தூள், புதிதாக.