பேரீச்சங்களம் ஊர்மன்றம் ஆயிற்று

நகரத்துத் தெரு ஒன்றில் ஒரு மனை பல்லாண்டுகளாக வெறிதே கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒருவர் அங்கே குப்பையைக் கொட்டுவார். மற்றொருவர் இடித்த வீட்டின் கல்லையும் மண்ணையும் கொண்டுவந்து குவிப்பார். பின்னர் முட்செடி மண்டும், மழைநீர் தேங்கும், கொசு பெருகும். அதே தெருவிலோ, அஸர் தொழுகைக்குப் பின் முதியோர் நால்வர் அமர்ந்து பேச ஓர் இடம் இராது. பிள்ளைகள் வண்டிகளுக்கிடையே பந்தாடுவார்கள். பெண்டிர் வாசற்படியோடு நின்றுவிடுவார்கள். இடமும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. இவ்விரண்டும் ஏன் கூடுவதில்லை? இதற்கு விடைகாண, மதீனா நகரின் தொடக்க நாட்களை நாம் நினைவுகூர வேண்டும்.

கி.பி. 622-ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு எழுந்தருளினார்கள். அவர்களைச் சுமந்து வந்த ஒட்டகம் ஓரிடத்தில் மண்டியிட்டது. அது பேரீச்சம்பழம் உலர்த்தும் களம். அதன் ஒரு பகுதியில் இடிபாடுகள். ஒரு பகுதியில் பழைய கல்லறைகள். இடையிடையே சில பேரீச்ச மரங்கள். ஸஹ்ல், ஸுஹைல் என்னும் அநாதைச் சிறுவர் இருவர் அதன் உரிமையாளர்கள்.

அன்பர்களே! இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். ஊரே திரண்டு வரவேற்ற தலைவர் அவர்கள். ‘பொதுக் காரியம்’ என்று சொல்லி அந்நிலத்தை எடுத்துக்கொண்டிருந்தால் தடுப்பார் எவருமிலர். அச்சிறுவர்களோ, ‘அன்பளிப்பாகவே தருகிறோம்’ என்றும் மனமுவந்து கூறினார்கள். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் அதனை ஏற்கவில்லை. உரிய விலை கொடுத்தே வாங்கினார்கள். அதன் பின்னரே மண்வெட்டி அந்நிலத்தில் விழுந்தது.

இடிபாடுகள் சமன் செய்யப்பட்டன. வெட்டிய மரங்கள் கட்டடத்துக்குப் பயன்பட்டன. சுவர்கள் பச்சைச் செங்கல்லால் எழுந்தன. கூரை பேரீச்ச ஓலையால் ஆயிற்று. தோழர்களோடு தோழராக நபியவர்களும் செங்கல் சுமந்தார்கள். பெரும் பொருட்செலவு ஏதுமின்றி மஸ்ஜிதுந் நபவீ உருவாயிற்று.

அது தொழுமிடமாக மட்டுமா விளங்கிற்று? வீடு வாசலற்ற ஏழைத் தோழர்கள் ‘சுஃப்பா’ என்னும் நிழற்பகுதியில் தங்கிக் கல்வி கற்றார்கள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது (ரலி) அவர்களுக்கு அங்கேயே கூடாரம் அமைக்கப்பட்டது. இஸ்லாத்தை இன்னும் ஏற்றிராத தகீஃப் குலத்துத் தூதுக்குழுவினருக்கும் ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் அங்கே இடமளிக்கப்பட்டது. பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டை நிகழ்த்தினார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும்வரை கண்டு களித்தார்கள். இத்தனைக்கும் வாயிலில் கட்டணம் கேட்டவர் எவருமில்லை.

அவ்விடத்தைத் தூய்மையாக வைத்திருந்தவர் ஓர் ஏழைக் கறுப்பினப் பெண்மணி. அவர் மறைந்தபோது, பெரிதுபடுத்தத் தேவையில்லை என்றெண்ணிய தோழர்கள், நபியவர்களுக்கு அறிவியாமல் அடக்கம் செய்துவிட்டார்கள். அதனைப் பின்னர் அறிந்த நாயகம் (ஸல்) அவர்கள் வருந்தி, அவருடைய அடக்கத்தலத்தைத் தேடிச் சென்று தொழுதார்கள். பொது இடத்தைப் பெருக்குபவரின் மதிப்பு யாது என்பதை இதனினும் தெளிவாக எவரால் உணர்த்த இயலும்?

‘அது அக்காலம்; கையகல நிலமும் பொன்விலை விற்கும் நகரத்தில் இது நடக்குமா?’ என்று நீங்கள் வினவலாம். நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிள்ளைகள் விளையாட இடமின்றித் தவித்தார்கள். 1947-இல் அந்நகராட்சியின் பணியில் இருந்த ஆல்டோ வான் ஐக் என்னும் இளம் கட்டடக் கலைஞர் ஒரு சிறு சதுக்கத்தில் மணற்குழி ஒன்றும், இரும்புக் கம்பிகள் சிலவும் அமைத்தார். அதைக் கண்ட மக்கள், ‘எங்கள் தெருவுக்கும் வேண்டும்’ என்று கேட்கலாயினர். வீடுகள் இடிந்து வெறுமையாய்க் கிடந்த மனைகளும் இவ்வாறே விளையாட்டுத் திடல்களாயின. 1978-க்குள் எழுநூறுக்கும் மேற்பட்டவை எழுந்தன. அவற்றைச் சுற்றி வேலியில்லை, நுழைவுக் கட்டணமில்லை. புதிய கட்டடம் வரும்வரை மட்டும் பயன்பட்டு, பின்னர் மனையை விட்டகன்றவையும் அவற்றுள் பல.

ஆகவே நிலம் இல்லாமையன்று நம் குறை. நம்பிக்கை இல்லாமையே குறை. ‘இன்று விளையாடக் கொடுத்தால் நாளை மனை திரும்பி வருமா?’ என்று உரிமையாளர் அஞ்சுகிறார்; ஆதலால் பூட்டிவைக்கிறார். அவருடைய அச்சம் பொருளற்றதன்று. பிறர் நிலத்தில் ஒரு சாண் அளவை அநியாயமாக அபகரித்தவனுக்கும் மறுமையில் கடுந்தண்டனை உண்டென நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். பொதுநலத்தின் பெயரால் செய்தாலும் அபகரிப்பு அபகரிப்பே. அநாதைச் சிறுவர்களுக்கு விலை கொடுத்த முன்மாதிரி நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.

உங்கள் மஹல்லாவில் அத்தகைய மனை இருப்பின், ஜமாஅத்தின் பெரியவர்களும் பிற சமயத்து அண்டை வீட்டாரும் ஒன்றுகூடி உரிமையாளரிடம் செல்லுங்கள். இத்தனை ஆண்டுகள், இன்ன பயனுக்கு என்று எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வக்ஃபு மனையாயின், வக்ஃபு செய்தவரின் நோக்கத்துக்கு மாறுபடாமல், முறையான அனுமதி பெறுங்கள். பெரிய கட்டடம் வேண்டா. குப்பை அகற்றிய தரை, இரண்டு நிழல் மரங்கள், நான்கு கல் இருக்கைகள், ஒரு குடிநீர்ப் பானை போதும். பெண்டிரும் ஏழையரும் மாற்றுச் சமயத்தாரும் தயக்கமின்றி வந்தமர இயல வேண்டும். பெருக்கும் முறையை வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்ளுங்கள். உரிமையாளர் கேட்கும் நாளில், முகம் கோணாமல் திருப்பிக் கொடுங்கள்.

அவ்வாறு ஒரு மனை ஒழுங்காகத் திரும்பிச் சென்றால், பத்து மனைகளின் பூட்டு தானே திறக்கும். பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நாம் கற்றிருக்கிறோம். தெருவின் இடராய்க் கிடக்கும் குப்பை மேட்டை ஊரார் கூடும் மன்றமாக்கும் நற்பேற்றை எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.